ஓர் அச்சு, ஓராயிரம் ஊர்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? இந்திரா காந்தி சிலைச் சந்திப்பைத் தாண்டியதும் ரெட்டியார்பாளையம் வரும். அதை அடுத்து மூலக்குளம். பிறகு அரும்பார்த்தபுரம், வில்லியனூர். வெளியூர்ப் பயணிக்கு இவையெல்லாம் ஒரே நீண்ட கடைத்தெருவாகத் தோன்றலாம். அங்கே குடியிருப்பவருக்கு அப்படியன்று. எந்தச் சந்தில் மின்பணியாளர் இருக்கிறார், எந்த மருந்துக்கடை இரவிலும் திறந்திருக்கும் என்பதில்தான் அவருக்கு ஊர் என்பதே அடங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் கைப்பேசியை எடுங்கள். மூலக்குளம் என்ற பெயரோடு ஏதேனும் ஒரு தொழிலின் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். குழாய் பழுது, வீடு மாற்றுதல், குளிர்பதனப் பெட்டி பழுது, எதுவானாலும் சரி. கிடைக்கும் பக்கங்களில் சில, உண்மையில் அங்கே கடை வைத்திருப்பவருடையவை. வேறு சில பக்கங்களைச் சற்று நிதானமாகப் படியுங்கள். அந்த ஊரில் அனுபவம் மிக்க பணியாளர்கள் கிடைப்பார்கள், நியாயமான கட்டணம், ஒரே அழைப்பில் வீடு தேடி வருவோம் என்றெல்லாம் இருக்கும். மூலக்குளம் என்ற சொல் பத்து முறை வரும். மூலக்குளத்தைப் பற்றி ஒரு செய்தியும் இராது. பிறகு வில்லியனூர் என்று மாற்றித் தேடுங்கள். அதே வாக்கியங்கள், அதே புன்னகைக்கும் பணியாளரின் படம், ஊர்ப்பெயர் மட்டும் வேறு.

இந்தப் பக்கத்தை யார் எழுதினார்? யாரும் எழுதவில்லை என்பதுதான் விடை. ஓர் அச்சில் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக ஊற்றி எடுத்த பக்கங்கள் அவை. இப்படி ஒரு கணிப்பொறி ஒரே மாலையில் பல்லாயிரம் பக்கங்களை வார்த்துவிடும். இந்த வித்தை எப்படித் தோன்றியது, யாரை ஏமாற்றத் தோன்றியது, தமிழில் இதற்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காலி இடம் விட்ட எழுத்து

ஒரே அச்சில் பல பெயர்களை இட்டு நிரப்புவது கணிப்பொறியின் கண்டுபிடிப்பு அன்று. எந்த அச்சகத்திலும் திருமண அழைப்பிதழ் மாதிரிகள் ஆயத்தமாக இருக்கும். மணமக்கள் பெயரும் நாளும் இடமும் மட்டும் மாறும். அதைப் படித்து யாரும் ஏமாறுவதில்லை. நமக்கு வேண்டியது அந்த நான்கு விவரங்கள்தாம். எஞ்சியவை மரியாதைச் சொற்கள்.

ஊர்களைப் பற்றியும் இப்படி எழுதியிருக்கிறார்கள். வில்லியம் வில்சன் ஹண்டர் என்ற பிரித்தானிய அதிகாரியிடம் 1869-இல் இந்தியா முழுவதையும் பற்றிய புள்ளிவிவரத் தொகுப்பு ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது. மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரே மாதிரியான கேள்விப் பட்டியல்கள் சென்றன. வந்த விடைகளைச் சுருக்கி, 1881-இல் 9 தொகுதிகள் கொண்ட இம்பீரியல் கெசட்டியர் வெளிவந்தது. எந்த ஊரை எடுத்தாலும் அது எந்த மாவட்டத்தில் உள்ளது, மக்கள் தொகை எவ்வளவு, என்ன விளைகிறது என்று ஏறத்தாழ ஒரே அடுக்கில் செய்திகள் வரும். விடுதலைக்குப் பின், 1951 கணக்கெடுப்பிலிருந்து மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகள் வரத் தொடங்கின. அவற்றில் ஊர் ஊராகப் பட்டியல் உண்டு. படிக்கச் சுவையற்றவைதாம். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் வெயிலில் நடந்து வீடு வீடாகப் படியேறிய ஒரு கணக்கெடுப்பாளர் இருந்தார்.

இங்கே ஓர் எளிய சோதனையை மனத்தில் கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் அது நமக்குப் பயன்படும். ஒரு பக்கத்தில் உள்ள ஊர்ப்பெயரை அழித்துவிட்டு வேறோர் ஊரின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் ஏதாவது பொய்யாகிவிட்டால், அது அந்த ஊரைப் பற்றிய பக்கம். எதுவும் பொய்யாகாவிட்டால், அது எந்த ஊரைப் பற்றியும் அன்று. கெசட்டியரில் வில்லியனூரை அழித்து விருத்தாசலம் என்று எழுதினால் மக்கள் தொகை, தொலைவு, விளைச்சல் எல்லாம் பொய்யாகிவிடும். குழாய் பழுதுப் பக்கத்தில் ஒன்றும் ஆகாது.

புதுச்சேரியில் ஒரு சொல்லடைவு

சரி, எவரும் படிக்க விரும்பாத பக்கத்தை ஏன் வார்க்க வேண்டும்? அது மனிதர் படிப்பதற்காக உண்டானது அன்று. தேடுபொறி படிப்பதற்காக உண்டானது. ஆகவே தேடுபொறி எப்படிப் படிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. மூலக்குளத்திலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, கடற்கரைக்கு அருகில், 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு ஓர் அடைவை அந்நிறுவனம் 1967 முதல் 1970 வரை 3 தொகுதிகளாக வெளியிட்டது. சங்க நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று அறிய விரும்பினால், நூல் முழுவதையும் புரட்ட வேண்டாம். அடைவில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தால் போதும். அது வரும் இடங்கள் எதிரே வரிசையாக இருக்கும்.

தேடுபொறியின் உள்ளே இருப்பதும் இதுதான். நூலில் இடத்தைக் காட்டினால் சொல் கிடைக்கும். அடைவில் சொல்லைக் காட்டினால் இடம் கிடைக்கும். தேடுபொறி இணையப் பக்கங்களை ஓயாமல் சுற்றிவந்து இத்தகைய ஓர் அடைவைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லை இட்டதும் அது இணையத்தைத் தேடுவதில்லை. முன்பே எழுதி வைத்த அடைவைப் பார்க்கிறது. அதனால்தான் விடை நொடிக்குள் வந்துவிடுகிறது.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் புலவர்கள் அடைவில் முதலிடம் பெறுவதற்காகப் பாடவில்லை. இணையத்தில் எழுதுவோரில் ஒரு பகுதியினர் அதற்காகவே எழுதத் தொடங்கினர்.

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறி வந்தபோது, கேட்ட சொல் பக்கத்தில் எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்பது வரிசையைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகித்தது. உடனே பக்கங்களில் ஒரே சொல்லை நூறு முறை திணித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக எழுதி, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் பொறியின் கண்ணுக்கு மட்டும் காட்டினார்கள்.

இதற்கு மாற்று கண்டவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும். ஊருக்குப் புதிதாக வந்தவர் நல்ல வைத்தியர் யார் என்று எப்படி அறிகிறார்? வைத்தியரின் பெயர்ப்பலகையை மட்டும் பார்ப்பதில்லை. பத்துப் பேரை விசாரிக்கிறார். அந்தப் பத்துப் பேரிலும், ஊரார் மதிக்கும் ஒருவர் சொன்னால் அதற்கு எடை அதிகம். அதுபோல, ஒரு பக்கத்தை மற்ற எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களை வேறு எவை சுட்டுகின்றன என்று சுற்றிச் சுற்றிக் கணக்கிட்டு மதிப்பெண் இடும் முறையை அவர்கள் 1998-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் கூகுள் நிறுவனமும் பிறந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வழக்கம் 1960-களிலேயே யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அடைவில் இருந்தது. அந்த எண்ணத்தின் நீட்சிதான் இது.

மதிப்பெண் இருக்கும் இடத்தில் விலையும் வந்துவிடும் அல்லவா? சுட்டிகளை விலைக்கு விற்றார்கள். ஒன்றையொன்று சுட்டிக்கொள்ளும் போலிப் பக்கங்களைத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். தேடுபொறிக்கு ஒரு முகமும் வருகையாளருக்கு இன்னொரு முகமும் காட்டும் 'வாசல் பக்கங்கள்' பெருகின. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2006 பிப்ரவரியில், கார் உற்பத்தி செய்யும் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே இக்குற்றத்துக்காகக் கூகுள் தன் அடைவிலிருந்து நீக்கியது. பக்கங்களைத் திருத்திய பிறகே மீண்டும் சேர்த்துக்கொண்டது.

செருகுநிரலின் வருகை

அதுவரை இந்த வித்தைக்கு நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். அந்தத் தடையும் விரைவில் நீங்கியது. 2003 மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நிரல் தெரியாதவரும் இணையதளம் நடத்தலாம் என்பதே அதன் நோக்கம். மிக நல்ல நோக்கம். இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதன் மீதே இயங்குகின்றன. 2004-இல் அதற்குச் செருகுநிரல் வசதி வந்தது. பிளக்-இன் என்று சொல்லப்படுவது இதுவே. தையல் இயந்திரத்தில் பூவேலைக்கு ஒரு பாதம், காஜா எடுக்க ஒரு பாதம் என்று மாற்றி மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அடிப்படை மென்பொருளைத் தொடாமலே ஒரு புதிய வேலையை அதனோடு மாட்டிவிடலாம்.

தலைப்பையும் குறிப்பையும் தேடுபொறிக்கு ஏற்றவாறு திருத்தித் தரும் செருகுநிரல்கள் வந்தன. இவற்றில் தவறு ஒன்றுமில்லை. நூலுக்கு நல்ல முகப்புத்தாளும் பொருளடக்கமும் அமைப்பது போன்ற பணிதான். அடுத்து, பக்கங்களைக் கூட்டமாக வார்க்கும் செருகுநிரல்களும் வந்தன. அவை வேலை செய்யும் விதம் மிக எளிது. முதலில் ஓர் அட்டவணை: ஒரு நிரலில் ஊர்ப்பெயர், அடுத்ததில் மாவட்டம், அடுத்ததில் அஞ்சல் எண். பிறகு ஒரு படிவம். அதில் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடங்களில் அடையாளக் குறி. பொத்தானை அழுத்தினால் அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பக்கம் உருவாகும். உருவான பக்கங்களின் முகவரிகள் எல்லாம் ஒரு கோப்பில் எழுதப்பட்டுத் தேடுபொறியிடம் ஒப்படைக்கப்படும். 2005-இல் கூகுள் அறிமுகப்படுத்திய இந்தத் தளவரைபடக் கோப்பு ஒவ்வொன்றிலும் 50,000 முகவரிகள் வரை எழுதலாம்.

எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தால் பொறி கண்டுபிடித்துவிடுமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஓர் உபாயம் உண்டு. 'நல்ல, சிறந்த, தரமான' என்று ஓர் இடத்துக்கு மூன்று சொற்களைக் கொடுத்து, ஏதேனும் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இப்படிப் பத்து இடங்கள் இருந்தால் எத்தனை வகைப் பக்கங்கள் கிடைக்கும்? மூன்றைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: 59,049. சொல் வேறு, செய்தி ஒன்றே. அதாவது செய்தியே இல்லை.

பக்கம் இருந்தால் விளம்பரம் இடலாம். 2003-இல் கூகுள் ஆட்சென்ஸ் வந்த பிறகு, சிறு தளங்களும் விளம்பர வருவாய் பெற முடிந்தது. ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்குச் சில காசுகள் வந்தாலும், பக்கங்கள் பல்லாயிரம் அல்லவா? விளம்பரம் இல்லாத பக்கங்களில் தொலைபேசி எண் இருக்கும். மூலக்குளம் என்று போட்டிருந்தாலும் அந்த எண் எந்த ஊரில் ஒலிக்கும் என்பது நமக்குத் தெரியாது. அழைப்பை வாங்கி, இன்னொருவருக்கு விற்பதே தொழிலாகவும் இருக்கலாம்.

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய ஓர் இரவில் நீர் இறைக்கும் பம்பு வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் வெற்றுப் பக்கங்கள் வெறும் எரிச்சல் மட்டுமல்ல. இரண்டு தெரு தள்ளி, உண்மையிலேயே பம்பு வைத்திருப்பவரின் பெயரை அவை மறைத்து நிற்கின்றன.

அட்டவணை செய்யும் குறும்பு

இந்திய ஊர்களுக்கு ஆயத்தமாக ஓர் அட்டவணை இருக்கிறது. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணே அது. சுமார் 19,000 எண்கள்; ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள். கடிதம் சேரவேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்பதற்காக உண்டான இப்பட்டியலை யாரும் பெறலாம். இருபது தொழில்களை இந்த எண்களோடு பெருக்கினால் 3,80,000 பக்கங்கள்!

ஆனால் அஞ்சல் வரைபடம் வேறு, ஆட்சி வரைபடம் வேறு. புதுச்சேரியைப் போல இதை வெளிப்படுத்தும் இடம் வேறில்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நான்கு பகுதிகள் சேர்ந்து இன்று ஒரே ஒன்றியப் பகுதி. அஞ்சல் எண்ணிலோ புதுச்சேரி 605, காரைக்கால் 609 என்று தமிழ்நாட்டு வரிசையில் வரும். மாகே 673 என்று கேரள வரிசையில். ஏனாம் 533 என்று ஆந்திர வரிசையில். அட்டவணையை மட்டும் நம்பிப் பக்கம் வார்ப்பவர் மூலக்குளத்தைத் தமிழ்நாட்டில் கொண்டுபோய் வைத்துவிட வாய்ப்புண்டு. மூலக்குளம் அடங்கிய உழவர்கரை, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'உல்கரே' போல ஒலித்து, வேறோர் ஊராகத் தோன்றும். பாண்டிச்சேரி என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 2006-இல் புதுச்சேரி என மாறியபோது இவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பழைய பெயருக்கு ஒரு பக்கம், புதிய பெயருக்கு ஒரு பக்கம். மூலகுளத்துக்கு ஒன்று, க் சேர்த்த மூலக்குளத்துக்கு இன்னொன்று!

தேடுபொறிகள் சும்மா இருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் கூகுள் செய்த மாற்றம் ஒன்று அமெரிக்காவில் தேடப்பட்டவற்றில் ஏறத்தாழ 12 விழுக்காட்டின் விடைகளை மாற்றியது. அதற்குப் பாண்டா என்று பெயர். கரடியின் நினைவில் வைத்ததன்று; நவநீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர் அது. அதன் வழி சுவையானது. மனிதர்கள் பலரிடம் பக்கங்களைக் காட்டி, 'இத்தளம் சொல்லும் மருத்துவச் செய்தியை நம்புவீர்களா?' என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். அவர்கள் நம்பிய பக்கங்களுக்கும் நம்பாதவற்றுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பொறி கற்றுக்கொண்டது. 2024 மார்ச்சில் வந்த விதி இன்னும் நேரடியானது. தேடல் வரிசையை வளைப்பதற்காகவே திரளாகப் பக்கங்களை உண்டாக்கினால், அதைச் செய்தது மனிதரானாலும் பொறியானாலும் குற்றமே என்றது. கருவியைப் பழிக்காமல் நோக்கத்தைப் பார்த்த விதி என்பதால் இதை நான் சரியென்றே கருதுகிறேன். ஏனென்றால், அதே கருவியால் நல்ல வேலையும் நடந்திருக்கிறது.

ஊராட்சிகளின் கதை

2002 அக்டோபரில், விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பதிப்பில் ராம்பாட் என்ற தானியங்கி நிரல் சில நாட்களுக்குள் 30,000-க்கு மேற்பட்ட அமெரிக்க ஊர்களுக்குக் கட்டுரைகளை வார்த்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே அதன் அட்டவணை. எங்கு திரும்பினாலும் ஊர்க் கட்டுரைகளே என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். ஆயினும் அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து, எலும்புக்கூடு போன்ற அக்கட்டுரைகளுக்குச் சதை சேர்த்தார்கள். மறுகோடியில், ஸ்வெர்க்கர் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டவரின் நிரல் பிலிப்பைன்சில் பேசப்படும் செபுவானோ மொழியில் லட்சக்கணக்கில் கட்டுரைகளை வார்த்து, அம்மொழிப் பதிப்பை எண்ணிக்கையில் உலகின் முதல் வரிசைக்கே கொண்டுபோயிற்று. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. 2009-ஐ ஒட்டி, இந்திய மொழிகளில் தேடுவோருக்குப் போதிய பக்கங்கள் இல்லையென்று கூகுள் நிறுவனமே கூலி மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைப் பொறியின் துணையுடன் பெயர்த்து ஏற்றியது. தமிழ்ப் பதிப்பின் தன்னார்வலர்கள் மகிழ்ந்துவிடவில்லை. நமக்கு வேண்டாத தலைப்புகள், தமிழாக ஒலிக்காத வாக்கியங்கள் என்று குறைகளை ஒவ்வொன்றாகத் தொகுத்து, 2010-இல் போலந்து நாட்டின் கிதான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் முன்வைத்தார்கள். இலவசமாக வந்த கட்டுரைகளைக் கூடத் தரம் பார்த்தே ஏற்பது என்ற அந்த நிலைப்பாடு பாராட்டத்தக்கது.

2015-ஐ ஒட்டிய காலத்தில் அதே தன்னார்வலர்கள் தாமே ஒரு வார்ப்பு வேலையில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் அப்போது 12,500-க்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. அரசின் ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறையிடம் அவற்றைப் பற்றிய விவரங்கள் அட்டவணையாக இருந்தன. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதிவரும் கணினித் தமிழ் வல்லுநர் உருவாக்கிய நிரல், அந்த அட்டவணையிலிருந்து ஆயிரக்கணக்கான ஊராட்சிகளுக்குக் கட்டுரை வார்த்தது. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஒரே அமைப்பு. எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று வரும். பிறகு கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், பள்ளிக் கட்டடங்கள், ஊரணிகள், சுடுகாடுகள். இறுதியில் அதில் அடங்கிய சிற்றூர்களின் பெயர்கள்.

நம் சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். ஊர்ப்பெயரை மாற்றினால் கைக்குழாய் எண்ணிக்கை பொய்யாகிவிடும். தன் சிற்றூரின் பெயரைத் தமிழ் எழுத்தில் இணையத்தில் முதன்முதலாக இங்கேதான் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். செய்முறை அதே அட்டவணை, அதே படிவம்தான். அட்டவணையின் நிரல்களில் யாரோ ஒருவர் எண்ணி எழுதியது இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. மூலக்குளத்துக்கு இவ்வரிசையில் இடமில்லை. அது தமிழ்நாட்டு ஊராட்சி அன்று. புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது.

இலக்கணம் பிடித்த திருடன்

இனித் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி இதுதான்.

ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் உருமாறாது. காலி இடத்தில் எந்த ஊரைப் போட்டாலும் வாக்கியம் சரியாக இருக்கும். அதனால்தான் இந்த வார்ப்புத் தொழில் அங்கே எளிதாக வளர்ந்தது. தமிழில் படிவம் எழுதி, ஊர்ப்பெயருக்குப் பின் 'இல்' என்று ஒட்டிப் பாருங்கள். 'மூலக்குளம்இல்' என்று வந்து நிற்கும். பள்ளிச் சிறுவனும் சிரித்துவிடுவான். 'மூலக்குளத்தில்' என்று எழுத, மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வரவேண்டும் என்று பொறிக்குத் தெரிய வேண்டும். வில்லியனூர் அப்படியே நின்று வில்லியனூரில் ஆகும். புதுச்சேரிக்கு யகர உடம்படுமெய் வேண்டும். தேங்காய்த்திட்டு தன் உகரத்தை இழந்து தேங்காய்த்திட்டில் ஆகும். திருநள்ளாறு இன்னும் ஒருபடி மேலே போய், ஒற்று இரட்டித்துத் திருநள்ளாற்றில் ஆகும். ஆரோவில் என்ற புதிய பெயர் கூட ஆரோவில்லில் என்று இரட்டிக்கிறது.

எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன புணர்ச்சி விதிகள் இங்கே பொறியியல் விதிகளாக மாறிவிடுகின்றன. பவணந்தியார் நன்னூலில் வகுத்து வைத்தவற்றை நிரலாக எழுதியவர்களுக்குத் தமிழ் வசப்பட்டது. ஊராட்சிக் கட்டுரைகளை வார்த்த அதே நீச்சல்காரன் 'நாவி' என்ற சந்திப்பிழை திருத்தியையும் உருவாக்கியவர் என்பது தற்செயல் அன்று என்றே தோன்றுகிறது. ஊராட்சிக் கட்டுரைகளில் இன்னொரு வழியையும் காணலாம். ஊர்ப்பெயரை அடுத்து 'ஊராட்சி' என்ற சொல் வந்துவிடுவதால், ஏற்கவேண்டிய உருபையெல்லாம் அச்சொல்லே ஏற்றுக்கொள்கிறது. பெயர் எதுவானாலும் உருமாற வேண்டியதில்லை. அவசர வார்ப்புக்காரர்கள் 'மூலக்குளம் பகுதியில்' என்று எழுதித் தப்புவதும் இதே தந்திரத்தால்தான். ஒரு பக்கத்தில் எல்லா ஊர்ப்பெயரும் 'பகுதியில்' என்றே முடிந்தால் சற்றுச் சந்தேகப்படுங்கள்.

தேடும் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. நீங்கள் 'மூலக்குளம்' என்று கேட்கிறீர்கள்; நல்ல கட்டுரை ஒன்றில் 'மூலக்குளத்திலிருந்து', 'மூலக்குளத்தாருக்கு' என்று மட்டுமே வருகிறது. இரண்டும் ஒன்றே என்று அறியாத அடைவு, அக்கட்டுரையை விட்டுவிடும். பெயரை உருமாற்றாமல் பத்து முறை திணித்த வெற்றுப் பக்கமோ உடனே அகப்படும். இயல்பான தமிழில் எழுதியவர் பின்தங்குவார்; தமிழை முடமாக்கியவர் முந்துவார். சொல்லின் வேரைக் கண்டறியும் நிரல்கள் தமிழுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான காரணம் இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மொழி மாதிரிகளைச் செருகுநிரல்களோடு இணைத்துவிட்டார்கள். இப்போது படிவமே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு வாக்கியங்களில் வரும். புணர்ச்சியும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இலக்கணப் பிழையை வைத்துத் திருடனைப் பிடித்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது. நம் பெயர் மாற்றும் சோதனைக்கும் இது ஒரு நெருக்கடி. மூலக்குளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பொறி, அங்கே இத்தனை ஆண்டு பழமையான சந்தை இருக்கிறது என்று துணிந்து எழுதிவிடக்கூடும். ஊர்ப்பெயரை மாற்றாமலேயே அது பொய்! ஆகவே, பெயரை மாற்றிப் பார்த்தபின் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது: இதை யார் போய்ப் பார்த்தார், யார் எண்ணினார்? கெசட்டியருக்கும் ஊராட்சிக் கட்டுரைக்கும் இதற்கு விடை உண்டு.

கணிப்பொறி இல்லாமலே நீங்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி. உங்கள் பேருந்துத் தடத்தில் உள்ள இருபது நிறுத்தங்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எதிரே 'இல்' சேர்த்த வடிவத்தை எழுதுங்கள். பிறகு, தமிழ் அறியாத ஒருவரும் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் பார்த்துச் சரியான வடிவத்தை எழுதும்படி விதிகளை வகுக்க முயலுங்கள். நான்கைந்து விதிகளில் பெரும்பாலான பெயர்கள் அடங்கிவிடும். பிறகு அந்த விதிகளை மூலக்குளத்தின் மீதும் ஏனாமின் மீதும் ஏவிப் பாருங்கள். இரண்டும் மகரத்தில்தான் முடிகின்றன. ஆனால் மூலக்குளத்தில் என்பது போல ஏனாத்தில் என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கண்டுபிடித்தால், உங்கள் தாளில் இன்னொரு விதி கூடும்.